ரெண்டாவது வாய்

"இது வடக்கனந்தல் போவுமா?"

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில், கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என்னிடம்தான் அந்த அம்மா கேட்டார். ஒரு கையில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த சாக்குப் பை, இன்னொரு கையில் எண்ணெய் டின். நாற்பது வயது இருக்கலாம். எனக்கு அன்று வேலையில் சேரும் முதல் நாள். யார் எதைக் கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தேன்.

"போகுங்க. முன்னாடி போர்டுலயே போட்டிருக்கே."

தலையை ஆட்டிக்கொண்டார். ஆட்டிவிட்டு அப்படியே திரும்பி, பின்சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்தவரின் தோளைத் தட்டினார். "பெரியவரே, இது வடக்கனந்தல் போவுமா?"

அவர் கண்ணைத் திறக்காமலே "போவும், போவும்" என்ற பிறகுதான் உட்கார்ந்தார். அதுவும் என் பக்கத்திலேயே.

எனக்குச் சுருக்கென்றது. "நான்தான் போர்டைப் படிச்சு சொன்னேனே!"

"போர்டு உனக்குத் தெரியும். எனக்கு நீ தெரியாதே" என்றார், முருங்கைக்காயை மடியில் சாய்த்துக்கொண்டு.

வடக்கனந்தல் தாண்டி மலையடிவாரத்து நிறுத்தத்தில் நான் இறங்கினால் அவரும் இறங்குகிறார். கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவே போகிற வண்டிப்பாதையில் நான் நடந்தால் அவரும் நடக்கிறார். பள்ளிக்கூடத்து வாசலில்தான் கேட்டேன், "நீங்க எங்கங்க?" என்று.

"இங்கதான் சத்துணவு சமைக்கிறேன். நீ?"

"நான் புது டீச்சர்."

"இரு" என்று என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனார். "சார், வாசல்ல ஒரு பொண்ணு நிக்குது. டீச்சர்னு சொல்லிக்கினு கெடக்குது. நெசமா?"

பதினோரு வருஷமாக அவர் அதே பஸ்ஸில்தான் போய்வருகிறார், டிரைவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கூட அவருக்குத் தெரியும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இருந்தும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பேரைக் கேட்பார். ஒருவர் சொன்னால் சேதி; இரண்டு பேர் தனித்தனியாக அதையே சொன்னால்தான் நம்பிக்கை. அவருக்கு எழுத்து ஒன்றும் தெரியாது. கையெழுத்தை மட்டும் கோலம் போடுவதுபோல, இடையில் கையை எடுக்காமல் போடுவார்.

எதற்கும் அந்த இரண்டு வாய்தான். சாம்பார் கொதித்ததும் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவார். "உப்பு எப்படி?" அந்தப் பிள்ளை போனபிறகு வேறு மூலையிலிருந்து இன்னொன்று. இரண்டும் 'கம்மி' என்றால்தான் உப்பு விழும். ஒன்று கம்மி, ஒன்று ஜாஸ்தி என்றால் இரண்டையும் முறைத்துவிட்டு மூன்றாவதைக் கூப்பிடுவார். காய்ச்சல் மாத்திரையை நர்ஸம்மா சொன்னபிறகும் கடைக்காரரிடம் காட்டி "இது எதுக்கு?" என்பார். பிள்ளைகள் அவரைச் சமையலக்கா என்றார்கள். நானும் அப்படியே அக்கா என்றேன். அவர் என்னை டீச்சர் என்றார். ஆனால் 'வாங்க, போங்க' மட்டும் வெளியாள் முன்னால்தான் வரும்.

பள்ளி என்பது ஒரு கூடம், ஒரு தாழ்வாரம், ஒட்டியபடி ஒரு சமையலறை. தலைமையாசிரியரும் நானும்தான். அவர் நல்ல மனிதர். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. எந்நேரமும் ஏதாவது ஒரு பதிவேட்டை எழுதிக்கொண்டே இருப்பார். ஆகவே வகுப்பு எனக்கு. அது அட்டைகள் வந்திருந்த காலம். பாடப்புத்தகத்துக்குப் பதில் பாடத்தைத் துண்டுதுண்டாக அட்டைகளில் அச்சிட்டு, எதற்கடுத்து எது என்று சுவரில் ஓர் ஏணிப் படம் மாட்டியிருப்பார்கள். பிள்ளை ஓர் அட்டையைப் படித்துக் காட்டினால் ஒரு படி ஏறலாம். எல்லோரும் ஒரே பக்கத்தைக் கத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவரவர் வேகம் அவரவர்க்கு. எனக்கு அந்த முறைமேல் காதலே வந்துவிட்டது. உளுந்தூர்பேட்டையிலிருந்து கலர்ப் பேனாக்கள் வாங்கி வந்தேன். ஒரு பெரிய சார்ட் ஒட்டி, பிள்ளைக்கு ஒரு பச்சைக்கிளி வெட்டி, படி ஏற ஏறக் கிளியை மேலே நகர்த்தினேன்.

பவித்ராவின் கிளி உச்சியில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு. அவள் வாசித்தால் மழை ஓட்டின்மேல் விழுகிற மாதிரி ஒரே சீராக இருக்கும். விரல் எழுத்துகளுக்கு அடியில் ஓடும், வாய் அதற்குமேல் ஓடும். தை முடிந்து ஒரு திங்கட்கிழமை, ஏணியின் கடைசி அட்டையை எடுத்துவந்து, மேட்டில் தொலைந்துபோன ஓர் ஆட்டுக்குட்டியின் கதையை ஒரு மூச்சில் வாசித்தாள். நான் எழுந்து நின்றே டிக் போட்டேன்.

சமையலறை ஜன்னல் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம். அக்கா அங்கே உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாக்கா சிரிப்பு?" இரண்டு மாதத்தில் எனக்கும் இன்னா வந்துவிட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல டீச்சர். அந்த அட்ட ஓரத்துல மஞ்சக்கறை இருக்குதில்ல? அது நான் ஊத்துன சாம்பாரு. அத்தப் பாத்துதான் ஆட்டுக்குட்டி கதன்னு கண்டுபுடிக்குது. மூல கிழிஞ்சிருந்தா ஏரிக்கர கத. மசி கொட்டுனது கெணத்துக் கத. அதுங்க படிக்கல. ஒண்ணு படிக்க ஒண்ணு கேட்டு, எல்லாத்துக்கும் மனப்பாடம். கறையப் பாத்துட்டுப் பாடுதுங்க."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! எழுத்துக் கூட்டத் தெரியாதவர், பயிற்சி முடித்துவிட்டு வந்த எனக்குச் சொல்கிறார். சாக்பீஸை எடுத்தேன். சுவரின் தாழ்ந்த கரும்பலகையில் அதே ஆட்டுக்குட்டிக் கதையிலிருந்து நான்கு வரிகள் எழுதினேன். வேண்டுமென்றே மூன்றாம் வரியை முதலில் எழுதினேன்.

"பவித்ரா, வா. அக்காவுக்குப் படிச்சுக் காட்டு."

வந்தாள். முதல் எழுத்தின் அடியில் விரலை வைத்தாள். 'குட்டி பாறைக்குப் பின்னால் கத்தியது' என்று நான் எழுதியிருந்தேன். "ஒரு நாள் காலையில் முருகன் ஆடு மேய்க்கப் போனான்" என்றாள் பவித்ரா, கணீரென்று, விரலைக் கொஞ்சமும் தடுமாறாமல் ஓட்டிக்கொண்டு.

எனக்குக் காதெல்லாம் சூடானது.

"பாத்தியா?" அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "ஒரு எழுத்து தெரியாது இதுக்கு! கிளி மட்டும் ஒசரத்துல பறக்குது!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பவித்ரா என்னைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

"எப்படிக்கா தெரிஞ்சது உங்களுக்கு?" என்று மத்தியானம் கேட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை. ஆனால் தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை.

"எழுத்து தெரியாதவ எப்படி எப்படிச் சமாளிப்பான்னு எனக்குத் தெரியாதா? மாத்திரையக் கலர வெச்சி கண்டுபுடிக்கிறவ நானு. ரேஷன் கார்டுல எந்தப் பக்கம் எம் பேரு இருக்குதுன்னு மடிப்ப வெச்சி காட்டுவேன். நீ படிச்சவ. உனக்கு அதெல்லாம் கண்ணுல படாது."

மறுநாள் பவித்ரா வரவில்லை. அதற்கு மறுநாளும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஊரில் பாதிக் குடும்பங்கள் கரும்பு வெட்டப் போகிறவை. அடுத்த வருஷம் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஐந்தாவதோடு நிறுத்திவிடுகிறேன் என்று பவித்ராவின் அப்பா முன்பே சொல்லியிருந்தார். நான்தான் விடாமல் பேசி, கள்ளக்குறிச்சியில் விடுதியோடு சேர்ந்த பள்ளியில் இடம் கிடைத்தால் அனுப்புவதாகச் சம்மதிக்க வைத்திருந்தேன். அதற்கான படிவத்தில் ஒரு கட்டம்: வாசிப்பும் எழுத்தும் எப்படி என்று வகுப்பாசிரியர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாளுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

"சரளம்னு போட்டு அனுப்பிடும்மா" என்றார் தலைமையாசிரியர். "நல்ல புள்ள. அங்க போய்க் கத்துக்கும்."

எனக்கும் அதுதான் தோன்றியது. பொய்தான், ஆனால் கரும்புக்காட்டை விட நல்ல பொய் இல்லையா? பேனாவைத் திறந்துவிட்டேன்.

"போடாத டீச்சர்." அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தார், கையில் கரண்டியோடு.

"அவளை ஓட விட்டது நீங்க. இப்ப இதையும் தடுக்கிறீங்க. என்னதான் வேணும் உங்களுக்கு?"

"வா, அவ வூட்டுக்குப் போவலாம்" என்றார்.

பவித்ராவின் அப்பா வாசலில் உட்கார்ந்து வெட்டுக்கத்திக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பவித்ரா உள்ளே குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னா டீச்சர், எல்லாத்துலயும் மொதல்ல இருக்குதுன்னீங்க. இப்ப ஒண்ணும் தெரியலன்னு ஊரே சிரிக்குதாம்" என்றார். "உடுங்க. எங்களுக்கு அது ராசி இல்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் பொண்ணு கததான் உனக்குத் தெரியுமே."

"தெரியாம இன்னா."

"இந்த டீச்சருக்குத் தெரியாது. அஞ்சு வருசமும் கார்டுல 'நன்று'ன்னு போட்டுக் குடுத்தாங்க. நான் சும்மா நம்பல. கார்ட எடுத்துக்கினு போயி ரெண்டு பேரக் கேட்டேன். ரெண்டு பேரும் 'நன்று'ன்னுதான் படிச்சாங்க. நான் கேட்டது கார்ட, டீச்சர். புள்ளயக் கேக்கல. ஆறாவதுக்கு டவுனுக்கு அனுப்பினேன். அங்க எழுப்பி நிக்க வெச்சி படின்னாங்களாம். மூணாவது வாரம் பொட்டியோட திரும்பி வந்துட்டா. இன்னாடி ஆச்சுன்னா வாயே தொறக்கல. இப்பவும் நல்லாத்தான் இருக்கா. புருசனோட கரும்பு வெட்டுல. ஆனா பஸ் ஏறக்குள்ள என்ன மாதிரியே ரெண்டு பேரக் கேக்கறா."

கத்திப் பிடியில் ஆப்பு இறங்குகிற சத்தம் நின்றது.

"இத்த அனுப்புவோம். திரும்பி வராத மாதிரி அனுப்புவோம். கடைசி நாளுக்குள்ள இதுக்குப் படிக்க வரலன்னா நானே வந்து சொல்றேன், கரும்புக்கு இட்டுக்கினு போன்னு. அதுவரைக்கும் அனுப்பு."

பவித்ராவிடம் மட்டும் அக்கா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 'அப்படிப் பேசியிருக்கக் கூடாது' என்று ஒரு சொல் வந்திருந்தால் போதும். வரும் வழியில் நான் சொல்லிக் காட்டினேன். பாதையில் கிடந்த காய்ந்த கரும்புச் சோகையைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நடந்தார்.

அடுத்த நாளிலிருந்து சீட்டு ஆரம்பித்தது.

அட்டைகளைத் திரும்ப எடுக்கலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் வேறு வழி வைத்திருந்தார். ஒரு பிள்ளையைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் காதில் எதையோ சொல்வார். அது பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அதை எழுத வேண்டும். அடிபம்பு பக்கம், ஒன்றும் காதில் விழாத தூரத்தில், இன்னொரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். சீட்டு அங்கே போகும். அந்தப் பிள்ளை படித்து, அதில் சொன்ன பொருளைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுக்க வேண்டும். பேசக் கூடாது.

முதல் நாள் 'பெரிய கரண்டி' என்று காதில் சொன்னதற்குத் தலைமையாசிரியரின் கண்ணாடி வந்து சேர்ந்தது. அவர் பாவம், பதிவேட்டின்மேல் கையால் துழாவிக்கொண்டிருந்தார்.

"இப்ப யார் தப்புக்கா? எழுதினவளா, படிச்சவளா?" மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டேன். எழுத்தே தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

"ஜோடிய மாத்து" என்றார்.

அதே சீட்டு வேறொரு பிள்ளைக்குப் போனது. அதுவும் முழித்தது. எழுதினவள் தப்பு. கரண்டியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தால் முதலில் படித்தவள் தப்பு. அவ்வளவுதான்! எழுதுவது, படிப்பது, புரிந்துகொள்வது மூன்றையும் ஒரே சீட்டில் வைத்து, பேனா பிடிக்காத ஒரு கை சோதித்துக்கொண்டிருந்தது. கறையைப் பார்த்துத் தப்பிக்க வழியே இல்லை. சீட்டு அன்றைக்குத்தான் பிறந்திருக்கும்.

இரண்டாம் வாரம் மூன்றாம் வகுப்புக் கோமதியை அடிபம்புக்கு அனுப்பினேன். என் சார்ட்டில் அவள் கிளி தரையோடு தரையாகக் கிடந்தது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள்.

"அத்த எதுக்கு அனுப்பற? அதுக்கு வாயே கெடையாது, படிப்பு எங்க வரும்?" என்றார் அக்கா.

கோமதி சீட்டை ஒரு தடவை பார்த்தாள். எழுந்து போய், உரலுக்குப் பின்னால் கிடந்த கொட்டாங்குச்சியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். அதுதான் சீட்டில் இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தில் குதித்தேவிட்டேன். "அக்கா, இப்ப யார் ஏமாந்தது? நீங்களும் அவ வாயத்தானே பாத்தீங்க!"

"ஒரு தபாதான் கொண்டாந்தா. இன்னொரு தபா அனுப்பு" என்றார் விறைப்பாக. இன்னொரு சீட்டு போனது. விறகுக் கட்டின் மேலிருந்த துணி வந்தது. அக்கா கோமதியின் தலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். அவ்வளவுதான் பாராட்டு.

அன்று சாயங்காலம் சார்ட்டைக் கழற்றினேன். உச்சியில் இருந்தவளுக்குப் படிக்க வரவில்லை. தரையில் கிடந்தவளுக்கு வருகிறது. அந்தக் கிளிகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

"மேல இருந்து யாராவது வந்து கேட்டா இன்னாம்மா சொல்றது?" தலைமையாசிரியர் பதறினார்.

"அவங்க கையிலயும் ஒரு சீட்டைக் குடுப்போம் சார்."

பவித்ரா பிடிவாதக்காரி. அக்காவோடு பேசுவதில்லை, ஆனால் சீட்டு மட்டும் வாங்குவாள். நான் சாப்பாட்டு இடைவேளையிலும் மணி அடித்தபிறகும் எழுத்துகளோடு அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். எதையும் மனப்பாடம் ஆக விடவில்லை. ஒரு தடவை படித்ததை அழித்தேன். முதலில் அவள் எழுதியதை யாராலும் படிக்க முடியவில்லை. பிறகு கோமதியால் மட்டும் முடிந்தது. "ஒருத்தி படிச்சா போதாது" என்றார் அக்கா. ஜோடி மாறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் பவித்ரா, சீட்டைப் படித்துவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். என்னடி என்றேன். "இதுல 'சும்மா உக்காரு'ன்னு போட்டிருக்குது டீச்சர்" என்றாள். சமையலறைக்குள் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் வந்தது. படிவத்தை நேரில் கொடுக்க நான் பவித்ராவோடு கள்ளக்குறிச்சி கிளம்பினேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே இருந்தது. அக்கா சமையல் உதவியாளரிடம் அடுப்பை ஒப்படைத்துவிட்டு எங்களோடு வந்தார். பதினோரு வருஷத்தில் அவர் அடுப்பை விட்டது அன்றைக்குத்தான் என்றார் தலைமையாசிரியர்.

நிறுத்தத்தில் பஸ் வந்தது. "கள்ளக்குறிச்சி போவுமா?" இரண்டு பேரைக் கேட்டார். ஏறினோம்.

பஸ் நகர்ந்ததும் பவித்ராவைக் கடைசி இருக்கைக்குக் கூட்டிப்போய்க் காதில் எதையோ சொன்னார். அவள் முழங்கால்மேல் தாளை வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். சீட்டை வாங்கிக்கொண்டு அக்கா நடுவில் வந்து, கல்லூரிக்குப் போகிற ஒரு பையனிடம் நீட்டினார்.

"தம்பி, இத்தப் படி. மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு முணுமுணுத்தான். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் முன்னால் போனார். பூக்கூடையோடு இருந்த ஒருத்தி, "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றாள். "எனக்குந்தான்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு, திருநாவலூர்க் கோயிலில் ஒரு கல்யாணத்துக்காகப் பட்டு வேட்டியில் கிளம்பியிருந்தவரைப் பிடித்தார். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, பஸ்ஸுக்கே கேட்கும்படி படித்தார்: "நாளைக்கு முட்டை கிடையாது. பருப்பு அதிகமாகப் போட வேண்டும்." நிமிர்ந்தார். "இன்னாம்மா இது?"

"அதான்யா, அதேதான்!" என்றார் அக்கா.

நான் எழுந்துவிட்டேன். கட்டத்தை நிரப்ப அது போதும் எனக்கு. அக்கா கையைக் காட்டி உட்கார வைத்தார். எழுதுவதுதான் முடிந்திருந்தது. படிப்பு பாக்கி. அவர் கண்டக்டரிடம் போனார். அவர் காதருகே குனிந்து, வெகு நேரம், மெதுவாக ஏதோ சொன்னார். கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் சிரிப்பை நிறுத்திக்கொண்டு அவரைப் பார்த்தார். பிறகு அதே சீட்டின் மறுபக்கத்தில் எழுதிக் கொடுத்தார். குலுங்குகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிய கண்டக்டர் கையெழுத்து! எனக்கே தலை சுற்றும் எழுத்து.

அதைப் பவித்ராவிடம் நீட்டிவிட்டு அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். கரும்புத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன.

பவித்ரா விரலை வைத்தாள். விரல் நகரவில்லை. சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"அன்... னைக்கு" என்றாள். மழைச்சத்தம் மாதிரியான அந்தப் பழைய ஓட்டம் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கல்லைப் புரட்டினாள். "அன்னைக்கு... எல்... எல்லார் முன்னாலயும்... உன்ன... அப்படி..." நின்றாள். மேலே தலையைத் தூக்கவில்லை. "அப்படிச் சொன்னது... என்... தப்பு."

கடைசிச் சொல் வந்தபிறகும் அவள் விரல் அந்தச் சொல்லின் அடியிலேயே இருந்தது.

அக்கா ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, சீட்டை வாங்கி, என் பக்கம் கொடுத்தார்.

"நீ படி டீச்சர்."

நான் படித்தேன். ஒவ்வொரு சொல்லாக, அவள் படித்த அதே வரிசையில்.

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். "எழுது."

பவித்ரா எழுந்து வந்து அக்காவின் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் பேனாவைத் திறந்தேன். சரளம் என்று எழுதவில்லை. 'நிறுத்தி வாசிக்கிறாள். வாசித்ததைப் புரிந்துகொள்கிறாள். இவள் எழுதியதை முன்பின் அறியாத இருவர் தடையின்றி வாசித்தார்கள்' என்று எழுதினேன். அலுவலகத்தில் அதை வாங்கியவர், "இன்னா டீச்சர், ஒரு வார்த்தை போடச் சொன்னா கதை எழுதியிருக்கீங்க?" என்றார். "கத இல்லங்க. நான் பாத்தேன்" என்றார் அக்கா, எனக்கு முன்னால். வாங்கியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இடம் கிடைத்தது. ஜூனில் பவித்ரா பெட்டியோடு போனாள்.

முதல் வாரம் போனது. இரண்டாம் வாரம். மூன்றாம் வாரம் தொடங்கியதிலிருந்து அக்கா ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலுக்கு வந்து நின்றார். பூசணிக்காய் பாதியில் கிடக்கும். பாதையில் யாரும் வரவில்லை என்று உறுதியானால்தான் உள்ளே போவார். அந்த வாரம் இரண்டு நாள் சாம்பாரில் உப்பே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தபால்காரர் வந்தார். அஞ்சலட்டை. பள்ளி முகவரிக்கு, சமையலக்கா என்று பெயர் போட்டு. அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், கறை எதுவும் இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. பிறகு என்னிடம் கொடுத்தார்.

படித்தேன்:

"அக்கா, இங்கே நன்றாக இருக்கிறேன். முதல் நாளே எழுப்பிப் படிக்கச் சொன்னார்கள். மெதுவாகப் படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. சாம்பாரில் உப்பு கம்மி. பக்கத்துப் பெண்ணையும் தனியாகக் கேட்டேன். அவளும் கம்மி என்றாள்."

அக்கா அசையாமல் நின்றார். அவர் உதடு ஒவ்வொரு வார்த்தையையும் ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு கூடத்துக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"சார், அந்த நோட்டு கெடக்கட்டும். இத்த ஒரு தபா படிங்க. டீச்சர் இன்னா சொன்னாங்கன்னு சொல்ல மாட்டேன்."